வீட்டில் சுண்டெலி: முதல் இரவிலிருந்து 21-ஆம் நாள் வரை

காலையில் காபி போடப் போனால் அடுப்பு மேடை ஓரத்தில் சீரகம் சிந்தியதுபோல் கறுப்பாக நாலைந்து கிடக்கும். அஞ்சறைப் பெட்டியோ மூடியே இருக்கும். அன்று சாயங்காலமே ஒரு பொறியோ மருந்துப் பாக்கெட்டோ வீட்டுக்கு வந்துவிடும். இரண்டு எலி மாட்டும், பத்து நாள் நிம்மதி, அப்புறம் மறுபடி சீரகம். வந்த வழி திறந்தே இருந்தால் வேறு எப்படி நடக்கும்? சென்னை வீடுகளில் எலி ஒழிப்பு முக்கால்வாசி கொத்தனார் வேலை. பொறிக்கு மிச்சக் கால்வாசிதான்.

வந்திருப்பது யார்?

புழுக்கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். 3 முதல் 6 மில்லிமீட்டர், இரண்டு முனையும் கூர் என்றால் சுண்டெலி. ஏறக்குறைய அரை அங்குல நீளம் இருந்தால் வீட்டெலி. முக்கால் அங்குல நீளத்தில், தடிமனாகக் கிடந்தால் பெருச்சாளி. ஒரு முனையில் வெள்ளைப் பொட்டு இருக்கிறதா? அது பல்லி எச்சம், கவலையை விடுங்கள். காபித்தூள் தூவியது மாதிரி இருந்தால் கரப்பான்.

இந்தக் கணக்கில் சேராத ஒன்று மூஞ்சூறு. நீண்ட மூக்கு, சுவரை ஒட்டி ஓடும்போது கீச்கீச்சென்று சத்தம், போன இடமெல்லாம் ஒரு நாற்றம். பிள்ளையாருக்கு வாகனமாகச் சொல்வது இதைத்தான். ஆனால் விலங்கியல் கணக்கில் இது எலி இனமே இல்லை. ஒயரைக் கடிக்காது, அரிசி மூட்டையைக் கிழிக்காது. கரப்பானையும் பூச்சிகளையும் தேடித்தான் வருகிறது. அதை அடிக்க ஓடாமல் வாசல் கதவைத் திறந்து வெளியே தள்ளிவிட்டு, கரப்பானுக்கு வழி பாருங்கள்.

ஆள் யாரென்று தெரிந்தால்தான் பொறியை எங்கே, எப்போது வைப்பது என்பது தெரியும். சுண்டெலி தன் பொந்திலிருந்து 3 முதல் 10 மீட்டருக்குள் சுற்றும். அடுக்களையில் புழுக்கை என்றால் எலியும் பெரும்பாலும் அடுக்களையிலேயே குடியிருக்கிறது. புதுப் பொருளைக் கண்டால் அதுவே வந்து மோந்து பார்க்கும். வீட்டெலி நேர் எதிர். புதிதாக ஒரு டப்பா வைத்தால்கூட நாலைந்து நாள் ஒதுங்கிப் போகும். பெருச்சாளிக்கு வீடு வெளியே, காம்பவுண்ட் சுவர் ஓரத்து வளையிலும் சாக்கடையிலும். உள்ளே வருவது இரைக்குத்தான்.

கோலமாவு வைத்து ஒரு சோதனை

இரவு வேலை முடிந்ததும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால், சிங்க்குக்குக் கீழே, கேஸ் சிலிண்டர் பக்கத்தில், பால்கனிக் கதவடியில் சுவரை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குக் கோலமாவை மெல்லத் தூவுங்கள். கல் மாவாக இருக்க வேண்டும். அரிசி மாவைப் போட்டால் நீங்களே விருந்து வைத்தது மாதிரி ஆகிவிடும். முகப் பவுடரும் போதும். காலையில் டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் சின்னச் சின்னக் கால் தடமும், நடுவே வால் இழுத்த கோடும் தெரியும். தடம் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அங்கேதான் ஓட்டை.

சந்தேகப்படும் ஓட்டை ஒவ்வொன்றிலும் செய்தித்தாளைக் கசக்கி லேசாகச் செருகி வையுங்கள். மறுநாள் தாள் வெளியே தள்ளப்பட்டிருந்தால் அந்த வழி புழக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு இரவு இதைச் செய்து, கண்ட இடங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

தீனியை மூடுங்கள்

சுண்டெலிக்கு ஒரு நாளைக்கு 3 கிராம் தீனி இருந்தால் போதும், தண்ணீர் தனியாகக்கூட வேண்டியதில்லை. எனவே வீட்டை எவ்வளவு துடைத்தாலும் பட்டினி போட்டு விரட்டிவிட முடியாது. ஆனால் வேறு தீனி கிடைக்காதபோதுதான் பொறியில் வைத்தது அதன் கண்ணில் படும். அதற்காகத்தான் இந்த வேலை.

அரிசி மூட்டையைப் பிரித்து மூடியுள்ள டிரம்மில் கொட்டுங்கள். பருப்பு, கடலை, ரவை எல்லாம் எவர்சில்வர் டப்பாவுக்குப் போகட்டும். பிளாஸ்டிக் டப்பாவின் மூடி விளிம்பை ஒரே இரவில் கொறித்துவிடும். கேஸ் அடுப்பைத் தூக்கி அடியில் துடையுங்கள், மிக்சிக்கும் கிரைண்டருக்கும் அடியிலும்தான். நாய்க்கு வைத்த சோறு, காக்காய்க்கு மதிலில் வைத்த சோறு, இரண்டும் பொழுது சாய்வதற்குள் காலியாகிவிட வேண்டும். இரவு குப்பைக் கூடைக்கு மூடி வேண்டும்.

பலரும் மறக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று பூஜை அலமாரி. எண்ணெயில் ஊறிய திரியை எலி இழுத்துக்கொண்டு போகும். எரிகிற திரி என்றால் தீ விபத்துக்கே வழி. படுக்கும் முன் விளக்கைக் குளிரவைத்து, திரியை எடுத்து டப்பாவில் போட்டு மூடுங்கள். உடைத்த தேங்காய் மூடியும் பொரி கடலையும் அங்கேயே கிடக்க வேண்டாம்.

இன்னொன்று பரண்மேல் இருக்கும் கொலுப் பெட்டி. வைக்கோல், பழைய வேட்டி, செய்தித்தாள் சுற்றி, வருஷத்தில் பதினொரு மாதம் யாரும் தொடாத அட்டைப்பெட்டியைவிடச் சுண்டெலிக்கு நல்ல பிரசவ அறை கிடையாது. திறந்தால் தாளைப் பூத்துருவலாகக் கிழித்து, நடுவில் ஒரு கைக்குழி அளவுக்குப் பள்ளம் இருக்கும். அதுதான் கூடு. பொம்மைகளை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றுங்கள். அட்டைப்பெட்டிகளை வெளியேற்றுங்கள். டிவி வாங்கிய பெட்டி, மிக்சி வாங்கிய பெட்டி என்று சேர்த்து வைத்திருப்பதையும் இதோடு அனுப்பிவிடலாம்.

ஓட்டை வேட்டை

அளவுக்கு ஒரு பென்சில் போதும். பென்சில் நுழையும் இடத்தில் சுண்டெலி நுழையும், கட்டைவிரல் நுழையும் இடத்தில் வீட்டெலி. பகலில் வீட்டுக்குள்ளும் வெளியிலுமாக ஒரு சுற்று வாருங்கள்.

ஹார்ட்வேர் கடையில் வாங்க வேண்டியவை: பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் கம்பி நார் பத்து, கால் அங்குலக் கண்ணுள்ள ஜிஐ வெல்டு மெஷ் 1 மீட்டர், எம்-சீல் நாலு பாக்கெட், வெள்ளை சிமெண்ட் 1 கிலோ, சிமெண்டும் மணலும் கொஞ்சம், தகரம் வெட்டும் கத்தரி. சாதா இரும்பு நாரைத் தவிர்த்துவிடுங்கள். நம் ஊர் உப்புக் காற்றில், அதுவும் கடற்கரைப் பக்கம், ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும்.

முதல் சந்தேகம் ஏசி குழாய்மேல்தான் விழ வேண்டும். சுவரில் 2½ அல்லது 3 அங்குலத்துக்குத் துளை போட்டு, அதைவிட மெல்லிய குழாய்க் கட்டை நுழைத்து, சுற்றிலும் ஃபோமோ பட்டியோ அடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஃபோம் எலிக்குப் பஞ்சு மிட்டாய். அதைச் சுரண்டி எடுங்கள். தாமிரக் குழாயின் கறுப்பு உறை கிழியாமல், சுற்றிலும் கம்பி நாரை ஸ்க்ரூடிரைவர் முனையால் இறுக்கித் திணியுங்கள். மேலே ஒரு விரல் பருமன் இடம் விட்டு, அதில் எம்-சீல் அல்லது வெள்ளை சிமெண்ட் பூசுங்கள். உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டிலும் அடைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் சுவரின் நடுத் துளையே பொந்தாகிவிடும்.

அடுத்தது சிங்க். பழைய வீடுகளில் மடிப்பு மடிப்பான வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் தரை ஓட்டைக்குள் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். குழாயைச் சுற்றியுள்ள இடைவெளிதான் சாக்கடைக்கும் அடுக்களைக்கும் ராஜபாட்டை. பிளம்பரைக் கூப்பிட்டு அதைக் கெட்டியான பிவிசி குழாயாக மாற்றி, தரையோடு சேரும் இடத்தில் காலர் போட்டுப் பூசச் சொல்லுங்கள். வாஷிங் மெஷின் தண்ணீர்க் குழாய்க்கும் இதே கதைதான். மெஷினின் அடிப்பக்கம் திறந்திருந்தால் எலி வலைத் தட்டு என்று கேட்டு வாங்கி மாட்டுங்கள். ஒயரை எலி கடித்த பழுதுக்கு ஆகும் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை.

குளியலறை, யுடிலிட்டி தரைச் சல்லடை பிளாஸ்டிக்காக இருந்தால் எவர்சில்வருக்கு மாற்றுங்கள், திருகிப் பூட்டும் வகையாக. ஊருக்குப் போய் இரண்டு வாரம் பூட்டிக் கிடந்தால் அதன் அடியில் நிற்கும் தண்ணீர் வற்றி, கரப்பானுக்கும் வழி திறந்துவிடும். கிளம்பும்போது ஒரு மக் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு செங்கல் வைத்துவிட்டுப் போகலாம்.

கதவடி இடைவெளிக்கு ஒரு சென்னைக் காரணம் உண்டு. ஐப்பசி மழையில் மரக்கதவு ஊதிக்கொண்டு தரையில் உரசும். தச்சரைக் கூப்பிட்டு இழைக்கிறோம். சித்திரை வெயிலில் அது சுருங்கியதும் அடியில் ஒரு விரல் இடம். கடையில் கிடைக்கும் ரப்பர் பட்டியை மட்டும் ஒட்டினால் மூலையைக் கடித்துவிடும். கதவின் அடி விளிம்பில் 2 அங்குல அலுமினியப் பட்டி அடித்து, அதற்குப் பின்னால் ரப்பர் வரட்டும்.

ஜன்னலில் வெல்க்ரோவில் ஒட்டிய நைலான் கொசுவலை எலிக்கு ஒரு தடையே இல்லை. வீடு முழுக்க மாற்றாவிட்டாலும் அடுக்களை ஜன்னலுக்கு மட்டுமாவது எவர்சில்வர் வலை போடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு வெளிப்புறம் வெல்டு மெஷ் அடித்து, எண்ணெய்ப் பிசுக்கை மாதம் ஒருமுறை துடைத்தால் போதும். இன்டர்நெட், கேபிள் ஒயருக்காக ஜன்னல் சட்டத்தில் போட்ட துளைகளுக்கு ஆளுக்கு ஒரு உருண்டை எம்-சீல். மொட்டைமாடியைத் தொடும் முருங்கை, மாமரக் கிளைகளைச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி வெட்டிவிடுங்கள்.

காம்பவுண்ட் ஓரத்துப் பெருச்சாளி வளைக்கு வெறும் மண் தள்ளினால் மறுநாளே தோண்டிவிடும். வளைக்குள் உடைந்த கண்ணாடியும் ஜல்லியும் இறக்கி, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் என்று கலந்து ஊற்றுங்கள். இந்த வேலையைக் காலையில் செய்ய வேண்டும். சாயங்காலம் பூசினால் சிமெண்ட் இறுகுமுன் இரவிலேயே பறித்துவிடும். கொத்தனார் சரியாகத்தான் பூசினார், ஆனாலும் நிற்கவில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அடைக்கிற வேலையோடு ஒன்றையும் பார்த்துவிடுங்கள்: கேஸ் குழாய். பழைய சாதா ரப்பராக இருந்தால், எலி நடமாடும் வீட்டில் அதை ஒரு நாள்கூட விட்டுவைக்காதீர்கள். உள்ளே கம்பிப் பின்னல் உள்ள ஆரஞ்சு நிற சுரக்ஷா குழாயை உங்கள் ஏஜென்சியிலேயே வாங்கலாம். பல் தடம் தெரிந்தாலோ வாசனை வந்தாலோ ரெகுலேட்டரை மூடி, சுவிட்ச் எதையும் தொடாமல், ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து கேஸ் கசிவு உதவி எண் 1906-ஐ அழையுங்கள்.

பொறி

வெளி ஓட்டைகளை அடைத்த அன்றே பொறிகளும் இறங்க வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவை அன்றிரவிலிருந்து வேறு வழி தேடும், புது இடத்தைக் கொறிக்கும்.

சுண்டெலிக்கு ஸ்ப்ரிங் வைத்து அடிக்கும் சின்னப் பொறிதான் சிறந்தது. ஒன்று வாங்கி வைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு. ஒரு அடுக்களைக்கு ஆறு வேண்டும், 2 மீட்டருக்கு ஒன்றாக. எலி மீசை சுவரில் உரசும்படிதான் ஓடும். ஆகவே பொறியைச் சுவருக்குக் குறுக்காக, தீனி உள்ள முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். நடு அறையில் வைத்த பொறிக்கு உங்கள் கால்விரல்தான் மாட்டும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒன்று கட்டாயம். கம்ப்ரஸர் சூட்டுக்காக அங்கே கூடும்.

தீனி என்றால் மசால் வடை என்பது நம் ஊர்ச் சம்பிரதாயம். பருப்பும் எண்ணெயும் வறுபட்ட வாசனைக்கு எலி வரும், சந்தேகமில்லை. ஆனால் வடைத் துண்டு பெரிதாக இருந்தால் ஓரத்தைக் கொறித்துவிட்டுக் கொக்கியை அசைக்காமலே போய்விடும். இரண்டாம் நாள் எறும்பு மொய்க்கும். கடலை மிட்டாயில் ஒரு பட்டாணி அளவு உடைத்து, தையல் நூலால் கொக்கியோடு இறுக்கிக் கட்டிப் பாருங்கள். பிடித்து இழுத்தால்தான் வரும், இழுத்தால் பொறி அடிக்கும். சுட்ட தேங்காய்ச் சில்லும் நல்லது. கருவாடு வைத்தால் எலிக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பூனை வந்து நிற்கும். இரவு 9 மணிக்கு வைத்து, காலையில் பிள்ளைகள் எழுமுன் எடுத்துவிடுங்கள்.

வீட்டெலி என்றால் அவசரம் கூடாது. மூன்று நாலு இரவு பொறியைப் பூட்டாமல் தீனி மட்டும் வையுங்கள். பயமில்லாமல் தின்று பழகியதும், எல்லாப் பொறியையும் ஒரே இரவில் பூட்டுங்கள்.

கூண்டுப் பொறி வாங்குவதாக இருந்தால், மாட்டியதை என்ன செய்வது என்பதை வாங்குமுன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கு, கையில் கூண்டோடு தெருவில் நின்று யோசிக்கும் விஷயமில்லை அது. எதிர் மனையில் கொண்டுபோய் விட்டால் எதிர் வீட்டுக்குப் போகும், அல்லது உங்களிடமே திரும்பும். வெயிலில் கூண்டோடு மறந்துவிடுவது எல்லாவற்றையும்விடக் கொடுமை.

பசை அட்டை வேண்டாம். எலி பல மணி நேரம் துடித்துக் கத்தும், சிறுநீர் கழித்து இடத்தை நாசமாக்கும். பல்லியும் குருவியும்கூட ஒட்டிக்கொள்ளும். இதைத் தடுக்கச் சொல்லி இந்திய விலங்குகள் நல வாரியமே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. பல்லி ஒட்டிக்கொண்டிருந்தால் சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு மெல்லப் பிரிக்கலாம்.

அந்துருண்டை, புதினா எண்ணெய், சத்தமில்லாமல் ‘அலை’ வீசும் பிளக்-இன் கருவி, இவற்றால் ஓடிய எலி இரண்டு நாளில் பழகித் திரும்பிவிடும். அந்தக் காசுக்குக் கம்பி நார் வாங்கலாம்.

மருந்து வைக்கலாமா?

வீட்டுக்குள் வேண்டாம் என்பதுதான் எங்கள் பதில்.

மஞ்சள் பாஸ்பரஸ் சேர்ந்த எலிப் பசையை விற்கத் தமிழக அரசு தடை போட்டிருக்கிறது. அது கல்லீரலைத் தாக்கும் விஷம். சாப்பிட்டவர் ஒன்றிரண்டு நாள் நன்றாக இருப்பதுபோல் தெரிந்து, அதன் பிறகு நிலைமை மோசமாகும். அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. பெட்டிக்கடையிலோ தெருவிலோ பெயரில்லாமல் யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். பாஸ்பைடு வகைப் பொடிகள் ஈரம் பட்டால் விஷவாயுவை வெளிவிடும். 2024 நவம்பரில் குன்றத்தூர்ப் பக்கம் எலி மருந்து வைத்த ஒரு வீட்டில், ஏசி போட்டு மூடிய அறையில் தூங்கிய குடும்பத்தின் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். பூச்சி மருந்து நிறுவனத்தைக் கூப்பிட்டாலும், என்ன மருந்து, எங்கே வைக்கிறீர்கள் என்று லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். வாழும் அறையில் பொடி என்றால் மறுத்துவிடுங்கள்.

கடைகளில் கேக்காகக் கிடைப்பது பெரும்பாலும் புரோமடையோலோன், 0.005 சதவீதம். இரத்தம் உறையாமல் செய்து நாலைந்து நாளில் கொல்லும். அந்த நாலைந்து நாளில் எலி எங்கே போய்ச் சாகும் என்பது உங்கள் கையில் இல்லை. மாடுலர் கிச்சன் பலகைக்குப் பின்னால் செத்தால் ஒன்றிரண்டு வாரம் நாற்றம்தான். வெளிப்புறத்தில், பூட்டும் பெட்டிக்குள், நாயும் குழந்தையும் எட்டாத இடத்தில் மட்டும் இதை வைக்கலாம். யாராவது எந்த மருந்தைத் தின்றிருந்தாலும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், ‘நல்லாத்தானே இருக்கான்’ என்று காத்திருக்கவும் வேண்டாம். பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு 108-ஐ அழைத்து நேராக அரசு பொது மருத்துவமனைக்குப் போங்கள்.

புழுக்கையைக் கூட்டாதீர்கள்

துடைப்பத்தை எடுத்தால் காய்ந்த தூசி மூக்குக்குள் போகும். அரை மணி நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள். ரப்பர் கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, 1 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேஜைக்கரண்டி, அதாவது 15 கிராம் அளவு பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளியுங்கள். பத்து நிமிடம் ஊறியதும் பழைய தாளால் வழித்து, இரண்டு கவரில் கட்டிப் போடுங்கள். செத்த எலிக்கும் இதே முறைதான். பிளீச்சிங் கரைசலோடு ஆசிட்டோ கழிப்பறை கிளீனரோ கலந்தால் விஷவாயு வரும், மறக்காதீர்கள். எலி கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு

குழாய்கள் இறங்கும் டக்ட் எல்லா மாடிக்கும் பொது. உங்கள் வீட்டை மட்டும் அடைத்தால் எலி மேல் வீட்டுக்குப் போகும், அங்கே மருந்து வைத்தால் உங்கள் டக்டில் வந்து சாகும். அசோசியேஷனில் பேசி ஒரே வாரத்தில் எல்லாரும் அடைக்க வேண்டும். தரைத்தளக் குப்பை அறைக் கதவு, உடைந்த சாக்கடைச் சேம்பர் மூடி, மழைநீர்க் குழி மூடி, இந்த மூன்றும் சங்கத்தின் செலவு. வாட்ச்மேன் அறையைச் சுற்றியும் ஒரு பார்வை போகட்டும். அவர் சாப்பாட்டுக்கும் ஒரு மூடியுள்ள டப்பா வாங்கிக் கொடுத்தால் குறைந்து போய்விட மாட்டோம்.

ஏன் 21 நாள்?

சுண்டெலிக்குக் கர்ப்பகாலம் சுமார் மூன்று வாரம். ஒரு ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி. பிறந்த குட்டி கூட்டைவிட்டுத் தானாக இரை தேடி வர இன்னும் மூன்று வாரம். முதல் வாரத்தில் பெரியவை எல்லாம் விழுந்துவிட்டன என்று பொறியைப் பரணில் போட்டால், கொலுப் பெட்டியில் இருந்தவை நீங்கள் எதிர்பார்க்காத நாளில் இறங்கி வரும். கடைசி எலி மாட்டிய நாளிலிருந்து 21 இரவு பொறிகள் தரையிலேயே இருக்க வேண்டும், தீனியை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றி. நடுவில் ஒன்று விழுந்தால் கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள். முடிந்ததும் மறுபடி ஒருமுறை கோலமாவு தூவிப் பாருங்கள்.

அதன் பின் வருஷத்துக்கு ஒரு சுற்று போதும், புரட்டாசி முடியுமுன். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி வளைகளில் தண்ணீர் ஏறியதும் மண்ணுக்கடியில் இருந்தவை எல்லாம் மேட்டைத் தேடும், அந்த மேடு நம் வீடு. டார்ச்சும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஏசி துளை, சிங்க் அடி, கதவடி மூன்றையும் பாருங்கள். தெருவில் தேங்கிய தண்ணீரில் கால் புண்ணோடு நடந்தவர்களுக்குப் பிறகு சில நாளில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மருத்துவரிடம் போனதும் வெள்ளத்தில் நடந்ததை முதலில் சொல்லுங்கள்.